கூடை வயரும் எல்லப்பன் கடைப் போனும்

கோட்டைக்குப்பம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் இந்திராணிக்கு உன் நைனா எழுதுவது. நானும் நீ விட்டுப்போன வெள்ளாடும் இங்கே சுகம். மஸ்கட்டில் உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் எல்லையம்மன் பார்த்துக்கொள்ளட்டும். ஏசியில் ஈரத் தலையோடு நிற்காதே.

இன்று காலை எல்லப்பன் கடைக்குப் போன் போட்டு, ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், மாசக் கடைசிக்குள் சொல்ல வேண்டும், போடட்டுமா நைனா என்று கேட்டாய். நானும் சரிம்மா, போடு என்று சொல்லிவிட்டேன். கடையில் மீன்கூடையோடு நாலு பொம்பளைகள், டச்சுக் கல்லறை பார்க்க வந்தவன் ஒருத்தன் சோடாவுக்கு நிற்கிறான், எல்லப்பன் வேறு என் வாயையே பார்க்கிறான், அதற்கு நடுவில் ஒரு மனுஷன் வேறென்னத்தைப் பேசுவான் சொல்லு.

தோள் போனபின் கடலை விட்டுக் கும்மிடிப்பூண்டி கூடை வயர் கம்பெனியில் சேர்ந்தேனே, இத்தனை நாள் மூட்டைதான் கட்டினேன், போன வாரம் மெஷினில் விட்டார்கள். மாதிரிக்கு ஒரு வயர்த் துண்டைக் கொடுத்து இந்தக் கனத்துக்கு அச்சு மாட்டு என்றார்கள். அச்சு என்றால் பிளாஸ்டிக்கை உருக்கி வயராகப் பிதுக்குகிற, துளை வைத்த இரும்பு. நான் படகில் கயிற்றுக்குத் துளை பார்க்கிற பழக்கத்தில் ஒவ்வொரு அச்சிலும் வயரை நுழைத்துப் பார்த்து, கச்சிதமாக உட்கார்ந்ததை மாட்டினேன். உருகின பிளாஸ்டிக் துளையைத் தாண்டினதும் புஸ்ஸென்று உப்பிக்கொண்டது. தண்ணீர்த் தொட்டியில் ஆறி வந்தால் வயர் என் சுண்டுவிரல் கனம். சுருள் சுற்றுகிற ரோசி, இன்னாண்ணா, மாட்டுக்குக் கயிறு திரிக்கிறியான்னு சிரித்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு மெஷினையே உதைத்திருப்பேன். மெக்கானிக் கேசவன்தான் விளக்கினான். உள்ள அகலமா கெடந்தத சின்ன சந்துல நெருக்கித் தள்றோம், வெளிய வந்ததும் பழைய நெனப்புல உப்பிக்கும், அதுக்குத்தான் வயரை விடச் சின்னத் துளையா எடுக்கணும்னான். உப்பாமல் செய்ய முடியாதா என்று கேட்டேன். அச்சோட கழுத்து நீளமா இருந்தா நெருக்கத்துலயே ரொம்ப நேரம் கெடக்கும், பழசு மறந்துபூடும், அப்போ அவ்ளோ உப்பாதுன்னான்.

இந்திராணி, காலையில் நான் சொன்ன அந்த ‘சரி’ எல்லப்பன் கடைத் துளை அளவுதான். வீடு வந்து சேருவதற்குள் நெஞ்சு முழுக்க உப்பிவிட்டது. உன் அம்மா போனபின் இந்த வீட்டில் நான் பேசுவது ஆட்டோடுதான். இப்போதும் பழைய பழக்கத்தில் இரண்டு பேருக்குத்தான் உலை வைக்கிறேன், மீதியை அதற்குத்தான் போடுகிறேன். ஞாயிறு விடிந்தால் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுகிறேன், மணி அடித்ததும் சாப்பிட்டேன், சுகம், சரி என்பதைத் தவிர வாயில் ஒன்றும் வருவதில்லை. மூன்று வருஷமாக இதேதான். இன்னும் இரண்டு வருஷம் அந்தச் சந்திலேயே கிடந்தால் உன்னிடம் பேச வைத்திருந்ததெல்லாம் எனக்கே மறந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. கையெழுத்துப் போடாதே அம்மா. வந்துவிடு.

நீ நூறு வயசு நல்லா இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அடுத்த ஞாயிறு போனில் நீ கேட்டாலும் நான் சரி போடு என்றுதான் சொல்லுவேன். அதை நம்பாதே.

உன் நைனா,
பச்சைமுத்து