அதே வாசல் வழியாக

14 ஆகஸ்டு 1943, சனி. பிரிக்பீல்ட்ஸ்.

ரேஷன் அரிசி வரிசையில் இன்று பக்கத்து வீட்டு மேரி அக்கா என்னை நடிப்புக்காரி ஆக்கிவிட்டார். நேற்று கால் நன்றாக இருந்தது. குழாயடியிலிருந்து தண்ணீர் தூக்கி வந்தேன். இன்று எழும்போதே இடது கால் மரத்துக் கிடந்தது. இரண்டு வருடமாக இப்படித்தான் வருகிறது, போகிறது. நான் பள்ளிக்கூடம் போவது நின்றதும் இதனால்தான். ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸருக்கும் இதன் பெயர் தெரியவில்லை.

அப்பா ரம்புத்தான் மரக்கிளையில் செதுக்கித் தந்த கம்பை ஊன்றிப் போனேன். நிற்க முடியாதவர்களை முன்னால் விடுவார்கள். நான் முன்னால் போனதும் அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“நேத்து வாளி தூக்கிக்கிட்டு ஓடுனா. இன்னிக்கு அரிசின்னதும் கம்பு வந்துருச்சு, பாருங்க லா!”

எனக்கு யாரிடமும் பேச வராது. இன்று வந்தது.

“நேத்தும் என் கால்தான், இன்னிக்கும் என் கால்தான் அக்கா.”

இடத்தை விட்டு நகரவில்லை. அரிசியோடுதான் வீடு திரும்பினேன்.

அம்மா சொல்கிறாள்: “இனிமே நல்லா இருக்கிற நாளும் கம்ப எடுத்துட்டுப் போ. யாரும் பேச மாட்டாங்க.”

மாட்டேன். அதுதான் நடிப்பு. நாளை கால் நன்றாக இருந்தால் மேரி அக்கா வீட்டு வாசல் வழியாகக் கையை வீசி நடப்பேன். இல்லாவிட்டால் கம்போடு, அதே வாசல் வழியாக.