கருவாட்டுப் பட்டன்

செவ்வாய்க்கிழமை, கரம்பொன்.

மகள் கனடாவிலிருந்து அனுப்பிய பெரிய எயார் பிரையரில், எண்ணெய் இல்லாமல் பொரிக்கும் பெட்டியில், இன்று முதன்முதலாகப் பாரை மீன் பொரித்தேன். நெஞ்சில் அடைப்பு எடுத்த பிறகு இவருக்கு எண்ணெய் கூடாது என்பது டொக்டரின் கட்டளை. இவரோ நேற்றும் எனக்கு ஒளித்துத் தாச்சியில் எண்ணெய் விட்டுப் பொரித்துத் தின்றிருக்கிறார்.

குசினி மேசையில் பாதியைப் பெட்டியே பிடித்துக்கொண்டது. ஒரு மணித்தியாலம் ஓடியும் மீன் சிவக்கவில்லை. வற்றி விறைத்து வந்தது. இவர் ஒரு துண்டைக் கடித்தார்.

"நாப்பது வருசம் கடலுக்குப் போனனான், எனக்குத் தெரியாதே? இது பொரியல் இல்லையப்பா, கருவாடு!"

மகளுக்குப் போனில் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, நீங்கள் அமத்தினது காயவைக்கிற பட்டன்!"

எனக்கு வெட்கமும் கோபமும். இவர் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டார். "அப்ப மாரியிலயும் இதில கருவாடு போடலாமோ, பிள்ளை?"

"ஓம் அப்பா."

பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்ன மனிதர், இப்போது அதைத் தான் உடுக்கும் சாரத்தால் மூடிவைத்திருக்கிறார். இருக்கட்டும். நாளை சரியான பட்டனில் பொரிப்பேன். அதற்கு முதல், இவர் எழும்ப முன், தாச்சியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். எண்ணெய்ப் போத்தலையும் சேர்த்து.