ஓரம் வெட்டிய புத்தகம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். எனக்கும் உன் அத்தைக்கும் உடம்புக்குக் குறையில்லை, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. மாடிக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, ஆள் இதோ வருகிறேன் என்று நாலு நாளாகப் போக்குக் காட்டுகிறான். சுற்றி வளைக்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும், சொல்லிவிடுகிறேன். நீ கையாலேயே செய்த தாள்களில் அம்மாவைக் கடைசி மாதங்களில் தோன்றியதையெல்லாம் எழுதவைத்தாயே, உலகத்தில் ஒரே பிரதி, கண்காட்சிக்கு வைக்கணும், தைத்துக் கொடுங்கள் என்று அனுப்பினாயே, அதைக் கெடுத்துவிட்டேன்.

தையலில் குறை சொல்ல முடியாது, மெழுகு தடவிய நூல்தான் போட்டேன். புத்தக முதுகில் பசை காய்ந்ததும், பைண்டிங் பட்டறையில் எப்போதும் செய்வதுபோல மூன்று பக்கமும் ஓரம் வெட்டிவிட்டேன். முப்பது வருஷமாகப் பள்ளிக்கூட நோட்டு வெட்டிய கை, பிசிறைப் பார்த்தால் சும்மா இருக்காது. ஓரத்தைத் தொடாதீர்கள் என்று நீ சீட்டு வைத்திருந்தாய், படித்தும் இருந்தேன், கத்தி இறங்கிய பிறகுதான் நினைவு வந்தது. உன் அம்மா கை நடுங்க நடுங்க எழுதிய வரிகள் தாளின் விளிம்புவரை ஓடியிருந்தன, இப்போது எதற்கும் முடிவில்லை. என்னைப் பேசி முடிக்கவே விடமாட்டார் என்று உன்னிடம் குறைப்படுவாளே, இருந்திருந்தால், இப்ப எழுதி முடிக்கவும் விடலையா என்று கேட்டுச் சிரித்திருப்பாள். நான் வெட்டு மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். பார்சல்ல வந்தப்பவே அப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லிடேன், பிள்ளைக்கு என்ன தெரியப்போகுது என்று அத்தை சொன்னாள். அப்படிப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயும் ஃபோனில் பரவாயில்லப்பா என்று சொல்லிவிடாதே, நாலு வார்த்தை திட்டு, அதைத் தாங்கிக்கொள்வேன்.

குப்பைக்கூடையிலிருந்து வெட்டுத் துண்டுகளைப் பொறுக்கி, எது எந்தத் தாளுக்கு என்று பென்சிலில் குறித்து, உறையில் போட்டுப் புத்தகத்தோடு அனுப்புகிறேன். ஒட்டுவதோ விடுவதோ உன் இஷ்டம், இனி நான் கைவைக்க மாட்டேன். கடைசித் தாளுக்கான துண்டு மட்டும் உறையில் இருக்காது, தேடாதே. ‘அப்பா சாப்பிட்டாரா என்று தினமும்’ என்பது வரைக்கும் உன்னிடம் வரும். ‘கேள்’ என்கிற துண்டு என்னிடம் இருக்கிறது, அதைத் தர மனசு வரவில்லை.

கண்காட்சி நல்லபடியாக நடக்கட்டும், நீ நன்றாக இரு. பார்சலைக் கத்தியால் பிரிக்காதே, உறை மேலாகவே இருக்கிறது.

ஆசிகளுடன்,
அப்பா