பாவத்தில் பாதி

சில்வியு,

எடை எவ்வளவு குறைந்தது என்று போனில் கேட்டாய். குறையவில்லை. எடை குறைக்கும் வயிற்று ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

ஆபரேஷனுக்கு முன் மூன்று வேளையும் சாப்பாட்டுக்குப் பதில் பால்பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தால்தான் ஈரல் சுருங்கும் என்று யாஷ் நகரத்து டாக்டர் சொல்லியிருந்தார். வெனிலா வாசம் அடிக்கும் சுண்ணாம்புத் தண்ணீர் அது. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவேன், ஏப்பத்தில் திரும்பி வரும். திடீரென்று ஒரு நாள் ருசிக்க ஆரம்பித்தது. நாக்கு பழகிவிட்டது என்று நினைத்தேன்.

ஸ்கேன் எடுத்ததும் டாக்டர், "ஈரல் இன்னும் வீங்கித்தானே இருக்கு? வீட்ல என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று கத்தினார்.

உன் அம்மாவின் வேலை. பவுடர் டப்பாவில் இருந்ததைக் கொட்டிவிட்டு, பால் முட்டை சேராத நோன்பு பிஸ்கட்டைச் சர்க்கரையோடு பொடித்து நிரப்பியிருக்கிறாள்.

"தவக்காலத்துல பால் குடிக்கலாமாடி? கத்தி படப்போற உடம்பு, பாவமில்லாம இருக்கட்டும்னுதான் செஞ்சேன்" என்று அழுதாள். வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன்.

மறுநாள் புது டப்பாவை அவளே பிரித்துக் கலக்கினாள். சிலுவை போட்டுக்கொண்டு என் தம்ளரில் பாதியைக் குடித்தாள். தவக்காலத்தில் அவள் பாலைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

"பாவத்துல பாதி என்னோடது" என்றாள். உடனே முகம் கோணியது. "த்தூ! இந்தக் கண்றாவியையா தினமும் குடிக்கிற?"

இளைத்த பிறகு நீ இருக்கும் இத்தாலிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறாய். இந்தக் கடிதத்தோடு அந்தப் பவுடரில் கொஞ்சம் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன். கலக்கிக் குடி. குடித்து முடித்த பிறகு, எத்தனை கிலோ என்று கேள்.

இப்போதும் அதே கனத்தோடு,
உன் மனைவி