காலில் பட்ட பந்து

துராஸ்னோ,
திங்கட்கிழமை

அன்பு மகள் நொயேலியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, அவளுடைய முழங்கால் வலி மூவரும் சௌக்கியம். அங்கே நீ சௌக்கியமில்லை என்பது நேற்று போனில் அழுததிலேயே தெரிந்துவிட்டது. உனக்குக் கோடை முகாம், பூமியின் தென்பாதியில் கிடக்கும் எங்களுக்கு விறகடுப்பை விட்டு நகர முடியாத ஜூலைக் குளிர். இளம் கணிதக்காரர்கள் ஆறு பேரை விமானம் ஏற்றி, கொலராடோ மலைமேல் உட்கார வைத்து, இரண்டு வாரம் சோறு போட்டு, யோசியுங்கள் என்று விட்டுவிடுகிறார்களாம் என்று உன் அம்மா காய்கறிக்காரியிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அதற்கு அவள், "எங்க வீட்டுக்காரரு இருபது வருஷமா அதத்தான் பண்றாரு, ஒருத்தனும் டிக்கெட் எடுத்துக் குடுக்கலியே" என்றாளாம்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ நிரூபித்துக் கொடுத்த ஒரு படியின் மேல்தான் மற்ற ஐந்து பேரும் ஒன்பது நாளாகக் கட்டிக்கொண்டு போகிறார்கள், அந்தப் படியிலேயே ஓட்டை, அது உன் கண்ணுக்கு மட்டும் பட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் நீதான் பேச வேண்டும், அதைக் கேட்டுவிட்டுத்தான் உங்கள் பேராசிரியை வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் தருவாள். "யாரும் பாக்கலப்பா, நான் சொல்லித்தான் ஆகணுமா?" என்று கேட்டாய். யோசித்து எழுதுகிறேன் என்றேன். யோசித்தாகிவிட்டது. சொல்லாதே. வாயை மூடிக்கொண்டிரு. அவர்களும் படித்தவர்கள்தானே, கண் இருந்தால் பார்த்துக்கொள்ளட்டும்.

சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. உனக்கு இதுவரை சொல்லவில்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் லீக் இறுதி ஆட்டம், நம் பேட்டை அணிக்கும் ஆற்றுக்கு அக்கரை அணிக்கும். நான்தான் நடுவர். கடைசி நிமிடம், கார்னர், ஒரே கும்பல், பந்து என் கெண்டைக்காலை உரசிக்கொண்டு அக்கரை அணியின் வலைக்குள் போனது. நடுவர்மேல் பட்டு நேரே உள்ளே போனால் அது கோல் இல்லை. ஆனால் யாரும் பார்க்கவில்லை, எனக்கே நிச்சயமில்லை, கோல் என்று ஊதிவிட்டேன். நம் அணித்தலைவர், பேக்கரிக்காரர் பெந்தான்கோர், என் தோளில் சாய்ந்து சந்தோஷத்தில் அழுதார். பிறகு தனியாக உட்கார்ந்து காலுறையைக் கழற்றினால், பந்தின் சேறு வட்டமாக அப்பியிருக்கிறது. சும்மா துவைத்துப் போட்டிருக்கலாம். புத்தி கெட்டுப்போய் அறிக்கையில் எழுதினேன். லீக் ஆட்டத்தை ரத்து செய்து மறுபடி ஆட வைத்தது, நம் ஆட்கள் மூன்றுக்குப் பூஜ்யம் தோற்றார்கள்.

அன்றிலிருந்து பெந்தான்கோர் என்னைக் கண்டால், தட்டில் ஆவி பறக்கும் ரொட்டியை வைத்துக்கொண்டே "தீந்துபோச்சு" என்கிறார். நம் சுவரில் யாரோ குருடன் என்று பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறான். உன் அம்மா அதைப் பார்த்து, "நீங்க ஒருத்தர்தான் பாத்தீங்க, உங்களப் போய்க் குருடன்னு எழுதிருக்கான் பாருங்க" என்று சிரித்தாள். நன்றாகத் தூக்கம் வருகிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் மாத்தே டீ குடிக்கும்போது தூக்கத்தைத் தொட்டுக்கொள்ள முடியுமா? உனக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம். எனக்கு ரொட்டிதான் போயிற்று, உனக்கு வேலையே போய்விடும், அதை நினைத்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, மலையில் தனியாகச் சுற்றாதே. எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். இன்னொன்று. காலையில் தபால் அலுவலகத்தில் விசாரித்தேன். இந்தக் கடிதத்தை அவசரத் தபாலில் மலைக்கே அனுப்பினால் வியாழக்கிழமை உன் கையில் இருக்குமாம், சாதாரணத் தபாலில் உன் சிகாகோ வீட்டுக்கு என்றால் இருபது நாள் ஆகுமாம். போனில் சொல்லிவிட வேண்டியதுதானே என்கிறாள் உன் அம்மா. போனில் சொன்னால் நீ என் பேச்சைக் கேட்டுவிடுவாய். சாதாரணத் தபாலுக்கே தபால்தலை வாங்கி வந்திருக்கிறேன்.

ரொட்டியில்லாத உன் அப்பா,
ஹெபர்