சின்னவளின் டீச்சரை மாற்றியாயிற்று

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. எப்படி இருந்தாலும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் நீ எழுதப்போகிறாய், அதனால் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். இங்கே அப்பாவுக்கு முட்டிவலி, எனக்கு உங்கள் எல்லோராலும் தலைவலி.

உன் தங்கச்சி சேதிக்கு வருகிறேன். அவள் திக்குவாய் உனக்குத் தெரியாததா, ஒரு வார்த்தை வெளியே வருவதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் புதிதாக ஒரு டீச்சர் வந்தாள். சாப்பாட்டு நேரத்தில் இவளோடு பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரே குரலாகப் பாடம் படிப்பார்களாம், போகப் போக டீச்சர் தன் குரலைக் குறைத்துக்கொள்வாளாம், தான் தனியாகப் படிப்பது இவளுக்கே தெரியாதாம். வகுப்பில் எழுந்து நின்று ஒரு பக்கம் முழுக்கத் திக்காமல் படித்தாள் என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்கிறாள், பெற்றவளுக்கு ஊரார் சொல்லித் தெரிய வேண்டியிருக்கிறது. அப்புறம் வீட்டில் எதற்கெடுத்தாலும் டீச்சர் புராணம்தான். சீக்கிரம் சொல்லித் தொலைடி என்று ஒருநாள் அதட்டினேன், டீச்சர் மட்டுந்தான் நான் முடிக்கிற வரைக்கும் கேப்பாங்க என்கிறாள். அதைச் சொல்லவும் அரை மணி நேரம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளே ஹெட்மிஸ்டரஸிடம் போய், பெற்ற தாய்க்கு எதிராகப் பிள்ளையைத் தூண்டிவிடுகிறாள் என்று ஒற்றைக் காலில் நின்றேன். டீச்சரை வேறு வகுப்புக்கு மாற்றி, இவளோடு பேசக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

டீச்சர் வீடு தேடி வந்தாள், நான் உட்காரச் சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே, அவளால பேச முடியும்மா, நீங்க கொஞ்சம் காத்திருந்தா போதும் என்றாள். எனக்கு வேறு வேலையில்லையா? இப்போது அட்டெண்டன்ஸ் எடுத்தால்கூட உன் தங்கச்சி கையைத்தான் தூக்குகிறாளாம். மார்க்கும் போய்விட்டது, போகட்டும். வீடு அமைதியாக இருக்கிறது.

போகும்போது டீச்சர் இன்னொன்றும் சொன்னாள். உன்னிடம் போனில் சொல்ல வேண்டும் என்று இவள் ஏதோ ஒன்றைத் தினமும் சொல்லிச் சொல்லிப் பழகினாளாம். அப்படி என்னடி பெரிய சேதி என்று இவளைக் கேட்டேன். வாயைத் திறந்தாள், என் முகத்தைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, நூறு வயது இரு. போன் செய்தால் அவளிடம் கொடு என்று மட்டும் கேட்காதே. வெறும் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க உனக்குத்தான் நேரம் ஏது.

உன்னைப் பெற்ற
அம்மா