நாலடி மெஷின்

2025 ஏப்ரல் 9, புதன்

தகடு மடிக்கும் மெஷின் பார்க்க ஆண்டாளையும் கூட்டிப் போனது என் தப்பு. நான் எட்டடி மெஷினில் கண்ணாக இருக்கிறேன்; என் பெண்டாட்டி நாலடி மெஷினின் ஒரு முனையைத் தூக்கிப் பார்க்கிறாள். எடைக்குப் போடவா வாங்குகிறோம்?

"ரெண்டு பேரு தூக்கலாங்க. மலை வேலைக்கு இதான் சரி" என்றாள். துண்டு சின்னதானால் இணைப்பு ஜாஸ்தி, தண்ணீர் இறங்கும் என்றேன். "ஒண்ணு மேல ஒண்ணு நல்லா ஏத்திப் போட்டா எப்டி எறங்கும்?"

கடைக்காரர் எதிரில் சண்டை எதற்கு? நாலடியையே வாங்கினேன். மனசே இல்லை.

ஏப்ரல் 12

பழைய தகட்டில் இரண்டு பேரும் மடித்துப் பழகினோம். அவளுக்கு நேராக வருகிறது.

ஏப்ரல் 26

வெள்ளிமலைப் பக்கம் செவ்வந்தி என்பவர் வீடு. தகரக் கூரை சுவரில் சேரும் இடத்தில் ஒழுகுகிறது. உள்ளே விதைச் சாமை. நனைந்தால் இந்த வருஷம் விதைப்பே கிடையாதாம். பெரிய மழைக்குள் அந்த இடத்தை மூட ஓரத் தகடு அடித்துத் தருவதாகச் சொல்லிவிட்டேன். ஒரு முனையில் கோணம் அளந்துகொண்டேன்.

ஏப்ரல் 29

பத்துத் துண்டு, ஆளுக்கு ஐந்து. என்னுடையது அளவு பிசகாமல். அவளுடையது எல்லாம் வாய் பிளந்து கிடக்கிறது. கத்திவிட்டேன்.

"வேணும்னுதான் கம்மியா மடிச்சேன். பத்தலன்னா அங்க போய் மடிச்சிக்கலாம். ஜாஸ்தியா மடிச்சிட்டு விரிச்சா பெயிண்டு வெடிச்சிடும், அப்புறம் துருதான்."

மெஷினும் கூட வரட்டும் என்றாள். எனக்கே பாடமா?

மே 3

மண்சுவர். மறு முனையில் கூரைச் சரிவே வேறு. ஒரு முனையை மட்டும் அளந்தது யாரு? நான்தான். என் அஞ்சுல ரெண்டுதான் உக்காந்துச்சி. ஒண்ண விரிச்சேன் — மடிப்பு நெடுக நீலப் பெயிண்டு வெடிச்சிப்போச்சி. மேல வானம் வேற கறுத்துக்கினு வருது.

குட்டியானை வண்டி நின்ற இடத்திலிருந்து நானும் செவ்வந்தியும் மெஷினைத் தூக்கி வந்தோம். ஆண்டாள் துண்டைச் சுவரில் வைத்துப் பார்ப்பாள், இறங்கி வந்து மெஷினில் இன்னும் ஒரு துளி மடிப்பாள், மறுபடி ஏணி ஏறுவாள். அவளுடைய ஐந்தும் அப்படியே உட்கார்ந்தன. நான் கெடுத்த மூன்றுக்கும் புதுத் தகடு வெட்டி மடித்தாள்.

அசந்துபோனேன். பதினெட்டு வருஷமாகக் கூரை வேலை செய்கிறேன், இந்தக் கை எனக்கு இல்லை. சொன்னேனா? "நல்லாருக்கு" என்றதோடு சரி.

மே 6

கள்ளக்குறிச்சியில் காலையிலிருந்து மழை. மலையிலும் பெய்யும். போன் போடப் பயமாக இருக்கிறது.

மே 7

செவ்வந்தியே கூப்பிட்டார். "ஒரு சொட்டு வூட்டுக்குள்ள வரலங்க. பக்கத்து வூட்டுலயும் செய்யணுமாம், அந்த அக்காவ அளவெடுக்க வரச் சொல்லுங்க."

"நானும் வரட்டா?"

"நீங்க வரலன்னாலும் பரவால்லங்க."

அதையும் சேர்த்து, ஒரு வார்த்தை விடாமல் ஆண்டாளிடம் சொன்னேன். அன்றைக்கு மலையில் சொல்லாததையும் சொன்னேன். "இன்னா திடீர்னு?" என்று திரும்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை அவள் மலைக்குப் போகிறாள். நான் எங்கள் கடையில் இருப்பேன். யாராவது கேட்டால், அவள் அளவெடுக்கப் போயிருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். யாராவது கேட்க வேண்டுமே.